துப்பாக்கி உறையில் சந்தனம்

கீழே விழுந்த என் ரிவால்வரை எடுத்துக் கொடுக்க வந்த ஒருவரை, அதை என் இடுப்பிலிருந்து உருவியவர் என்று சொல்லி நான் சிறைக்கு அனுப்பினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் குழம்பியும் போகவில்லை. துப்பாக்கி எப்படி விழுந்தது என்பது விழுந்த அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தேன். சொந்த ஊர் பெரம்பலூர். வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு நேரடித் தேர்வில் வந்தவன். பயிற்சிக் கல்லூரியில் ஆயுதப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. அறியாமையால் செய்தேன் என்று பிறகு யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த உறை பழையது. தடித்த தோல், துப்பாக்கியை முழுவதும் மறைக்கும் மூடி. மூடியின் முனையில் ஒரு கீறல் இருக்கும். அதை உறையின் மேல் நிற்கும் பித்தளை முளையில் இழுத்து மாட்ட வேண்டும். இது போதாதென்று, துப்பாக்கியின் பிடியிலிருந்து தோளுக்கு ஒரு வெள்ளைக் கயிறு. கை தவறினாலும் துப்பாக்கி தரைக்குப் போகாது. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு, ஆனால் யோசித்துச் செய்த ஏற்பாடு. எனக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு முன் எத்தனையோ பேரின் வியர்வையில் ஊறிய தோல். இடுப்பில் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டது போலப் புடைத்து நிற்கும். புல்லட்டில் போகும்போது கண்ணாடியில் என்னை நானே பார்த்துக்கொள்ளும் வயது.

திருச்சிக்கு ஒரு வழக்கு வேலையாகப் போனபோது தோல் சாமான் கடை ஒன்றில் புதிதாக ஒரு உறை வாங்கினேன். மேல்பக்கம் திறந்தது. துப்பாக்கியின் பிடி வெளியே தெரியும். விரலகல வார் ஒன்று பிடியைச் சுற்றி வந்து பிரஸ் பட்டனில் முடியும். கடைக்காரர் என் இடுப்பில் வைத்துப் பார்த்து, இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தார்.

"மூடி வச்சதெல்லாம் பேங்கு வாசல்ல நிக்கிறவங்களுக்கு சார். ஒங்களுக்கு இதுதான். கைய வச்சா வெளிய வந்துரும்."

"கைய வைக்காம இருந்தா?"

"உள்ள இருக்கும். இதென்ன சார் கேள்வி?"

ஆனால் அதுதான் கேள்வி. ஓர் உறையைத் தேர்ந்தெடுக்கும்போது துப்பாக்கி எவ்வளவு வேகமாக வெளியே வரும் என்று பார்ப்பவன் பாதிதான் பார்க்கிறான். வேண்டாத நேரத்தில் வராமல் இருக்குமா என்பது மறுபாதி. நல்ல உறை துப்பாக்கியை இரண்டு விதமாகப் பிடிக்க வேண்டும். பட்டனோ வாரோ பூட்டுவதற்கு முன்னாலேயே, தோலின் இறுக்கமே அதைக் கவ்விக்கொள்ள வேண்டும். பூட்டு அதற்கு மேல்தான். சுடும் விசை முழுவதும் தோலுக்குள் மறைந்திருக்க வேண்டும். பெல்ட்டில் ஆடாமல் நிற்க வேண்டும். நாம் நின்றால் முழங்கை அதன் மேல் படிய வேண்டும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அன்று வீட்டுக்கு வந்து குண்டுகளை எடுத்துவிட்டு, வெறும் ரிவால்வரை உறையில் போட்டு, பட்டனைப் பூட்டி, கட்டிலுக்கு மேல் தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். நின்றது. பட்டனைத் திறந்துவிட்டுத் தலைகீழாகப் பிடித்தேன். உலுக்குவதற்கு முன்பே மெத்தையில் விழுந்தது.

"படுக்கிற எடத்துல போடுற சாமானா இது?" என்றாள் என் மனைவி.

ஆக, முழுப் பாதுகாப்பும் நகத்தளவு பட்டன் ஒன்றில் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் மறுநாள் அதை மாட்டிக்கொண்டு போனேன். கயிற்றையும் விட்டுவிட்டேன். கயிறு கட்டினால் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு போவது போலிருக்கும் என்று நினைத்தேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை ஸ்டேஷனில் தடபுடலாக நடந்தது. எங்கள் ஏட்டு பக்திமான். அடுத்த வருடம் ஓய்வு பெற இருந்தவர். துப்பாக்கிகளையெல்லாம் குண்டில்லாமல் மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். லத்திகளுக்கு, ஜீப்புக்கு, ஒயர்லெஸ் பெட்டிக்கு, டைப்ரைட்டருக்கு என்று ஒன்றையும் விடவில்லை.

"லாக்கப் கதவ விட்டுட்டீங்களே ஏட்டய்யா. இங்க அதிகமா வேல செய்யிறது அதுதான்" என்றார் ஒரு கான்ஸ்டபிள்.

"ஒனக்கும் ஒண்ணு வைக்கிறேன், இரு. ஒரு நாளாவது வேல செய்யிறியான்னு பாப்போம்" என்று ஏட்டு அவர் நெற்றியில் அப்பினார்.

என் உறையைக் கையில் எடுத்தவர் எங்கே வைப்பது என்று திருப்பிப் பார்த்தார். கறுப்புத் தோலில் சந்தனம் நிற்காது என்று நினைத்திருக்க வேண்டும். பளபளவென்று இருந்தது அந்தப் பட்டன் மட்டுந்தான். "வைங்க ஏட்டய்யா" என்றேன். வாரின் பட்டனிலும் உறையின் பட்டனிலும் கெட்டியாக வைத்தார். மறுநாள் காலையில் கைக்குட்டையால் மேலாகத் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டேன். பட்டனின் குழிக்குள் போன சந்தனம் இரவே காய்ந்து கல்லாகியிருந்தது.

வாரை இழுத்துப் பூட்டியபோது வழக்கமாகக் கேட்கும் 'டக்' கேட்கவில்லை. கட்டைவிரலால் இன்னொரு முறை அழுத்தினேன். ஒட்டிக்கொண்டது. பூட்டிக்கொள்ளவில்லை. வாசலில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. போய் ஏறினேன்.

ரெட்டிபாளையத்துப் பக்கம் சிமெண்ட் ஆலை ஒன்றின் வாசலில் தகராறு. ஆயுத பூஜைக்கு ஆலையின் நிரந்தரத் தொழிலாளிகளுக்கு ஸ்வீட் பாக்ஸும் வேட்டியும் கொடுத்திருந்தார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தவர்களுக்குப் பொரி மட்டும். மறுநாள் காலை அவர்கள் பொரிப் பொட்டலங்களோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள்.

"கல்லு ஒடைக்கிறவன் வூட்டுப் புள்ளைவோளுக்கு இனிப்பு செரிக்காதா?" என்று ஒருவர் கேட்டார்.

"செரிக்காதுன்னுதான் பொரி குடுத்திருக்காங்க. ஒடம்புக்கு நல்லதாம். மேனேசருக்கும் ஒரு மூட்ட குடுங்கடா!"

சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. கேலி தள்ளுமுள்ளானது யாரோ ஒருவர் பொரியை வாட்ச்மேன் தலையில் கொட்டியதிலிருந்து. நான் நடுவே புகுந்து விலக்கினேன். யாருடைய தோளோ என் விலாவில் மோதியது. ஒரு பக்கமாகத் திரும்பினேன். வலது இடுப்பில் திடீரென்று கனமில்லை. கையை வைத்தேன். உறை காலி.

"அய்யா, இந்தாங்க. கீழ கெடந்துச்சு."

முப்பது வயதிருக்கும். புருவம் வரைக்கும் சுண்ணாம்புத் தூசு. ரிவால்வரின் குழல் தன் பக்கமும் பிடி என் பக்கமுமாக நீட்டிக்கொண்டிருந்தார். பறிக்க வந்தவன் அப்படி நீட்ட மாட்டான். அதை நான் பார்த்தேன். பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் பார்த்தது வெறும் கையும் துப்பாக்கியும். அவருடைய லத்தி அந்த மணிக்கட்டில் இறங்கியது. நான்கைந்து பேர் அவரைத் தரையில் அமுக்கினார்கள். அதற்குள் டி.எஸ்.பி. வந்துவிட்டார்.

"என்னய்யா, உருவிட்டானா?"

"ஆமா சார்."

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். எழுத்தில் போனபோது அது ஒரு பக்கத்துக்கு நீண்டது.

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு, பட்டனின் குழிக்குள் இருந்த சந்தனத்தைக் குண்டூசியால் சுரண்டி எடுத்தேன். துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பூட்டிப் பார்த்தேன். 'டக்'. அதற்குப் பிறகுதான் உறையையும் துப்பாக்கியையும் வழக்குப் பொருளாக ஒப்படைத்தேன். ஜன்னல் வழியே ஏட்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தனம் வச்சது நான்தானய்யா. எம் மேல எதாவது வந்துருமா? பென்ஷன் போற நேரம்."

"ஒண்ணும் வராது. போங்க."

அரசு ஊழியரைத் தாக்கித் துப்பாக்கியைப் பறிக்க முயன்றதாக அந்தத் தொழிலாளி மேல் வழக்கு. ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் அவர் தீபாவளிக்கும் உள்ளேதான் இருந்தார். அதற்குச் சில நாட்கள் முன்னால் அவர் மனைவி ஸ்டேஷனுக்கு வந்தார். அழவில்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவுமில்லை.

"தை பொறந்தா பெர்மனென்ட் பண்றோம்னு சொல்லியிருந்தாங்க சார். எட்டு வருசமா அதுக்குத்தான் கல்லு சொமந்தாரு. இப்ப கேட்டுக்குள்ளயே விடமாட்டேங்குறாங்க."

"கோர்ட்டு பாத்துக்கும்மா."

"கோர்ட்டு என்னத்தப் பாக்கும்? கோர்ட்டா வந்து கேட்டுல நின்னுச்சு? நீங்கதான நின்னீங்க. ஒங்க துப்பாக்கி ஒங்க இடுப்புல நிக்கலைன்னா அதுக்கு எம் புருசன் உள்ள போவணுமா?"

கான்ஸ்டபிள் ஒருவர், "ஏய், மரியாதையாப் பேசு" என்றார். நான் அவரை அடக்கினேன். அதற்கு மேல் அன்று எதுவும் செய்யவில்லை. டி.எஸ்.பி. என் பெயரைப் பாராட்டுச் சான்றிதழுக்குப் பரிந்துரைத்திருந்தார். நானும் நன்றி சொல்லியிருந்தேன்.

விசாரணை அடுத்த கோடையில் அரியலூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வந்தது. அவர் அதற்குள் ஜாமீனில் வந்திருந்தார். கோர்ட்டு வராந்தாவில் என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். பழக்கத்தில் எழுந்த கும்பிடு. ஆனால் கைகள் சேரவில்லை. லத்தி பட்ட வலது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. இடது கை நேராகவும் வலது கை வெளிப்பக்கம் சரிந்தும் நின்றன. அந்தக் கையால் சம்மட்டி பிடிக்க முடியாது என்று எனக்குப் புரிந்தது. கீழே கிடந்ததை எடுத்து நீட்டிய கை. கூண்டில் ஏறுவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

அரசு வழக்கறிஞர் வழக்கம்போல ஆரம்பித்தார். "எதிரிக் கூண்டில் நிற்பவர் உங்கள் துப்பாக்கியைப் பறித்தாரா?"

"இல்லை. அது தானாக விழுந்தது. அவர் எடுத்துக் கொடுத்தார்."

அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, புகார் கொடுத்த போலீஸ் அதிகாரியையே பிறழ் சாட்சியாக அறிவிக்கும்படி கேட்டார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் எஸ்.ஐ., நீங்க நிதானத்துலதான் இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். பட்டன் சரியா பூட்டல. பூட்டலைங்கிறது எனக்குத் தெரியும்."

வழக்குப் பொருட்களைக் கொண்டுவரச் சொன்னார். வெறும் ரிவால்வரை உறையில் போட்டு வாரை இழுத்துப் பூட்டினேன். 'டக்' என்ற சத்தம் பின்வரிசை வரை கேட்டது. மாஜிஸ்திரேட் வாங்கித் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. வக்கீல்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது.

"அருமையா நிக்குதே?"

நான் சுத்தம் செய்த பட்டன் எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது. இதற்கு மேல் ஒரே வழிதான் இருந்தது.

"அன்னைக்கு அதுக்குள்ள சந்தனம் காஞ்சு கெடந்துச்சு சார். சாயங்காலம் நான் சுரண்டி எடுத்துட்டேன்."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

"சந்தனம் வச்சது யாரு?"

"ஆயுத பூஜையில வச்சது. வைக்கச் சொன்னவன் நான்."

பின்னால் நின்ற ஏட்டு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தத் தொழிலாளி விடுதலையானார். என் மேல் துறை நடவடிக்கை வந்தது. சம்பள உயர்வை நிறுத்தினார்கள், நெடுஞ்சாலைக் காவலுக்குப் பாடாலூர்ப் பக்கம் மாற்றினார்கள். வேலை போகாமல் இருந்ததே அதிகம். "பொட்டுச் சந்தனத்துக்காகத் தொப்பியக் கழட்டி வைக்கப் பாத்தவன் ஒலகத்துலேயே நீ ஒருத்தன்தான்யா" என்றார் டி.எஸ்.பி. அதற்குப் பிறகு அவர் என்னோடு நேராகப் பேசவில்லை. அது நியாயந்தான். அவரையும் நான் பொய் சொல்ல வைத்திருந்தேன்.

ஆனால் விடுதலையானவரை ஒப்பந்தக்காரர் வேலையில் திரும்பச் சேர்க்கவில்லை. நான் நேரில் போய்ப் பேசினேன். "போலீஸ் கேஸு ஆனவன சார்" என்றார். "விடுதலை ஆயிட்டாரே." "அது ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அங்க கல்லு ஒடைக்கிறவனுக்குத் தெரியுமா?"

தொழிலாளியின் வீட்டுக்குப் போனேன். சுரங்கத்துக்குப் பக்கத்துக் காலனியில் ஓலை வீடு. அவர் பாயை விரித்துப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். மனைவிதான் பேசினார்.

"கோர்ட்டுல சொன்னீங்களாம். நல்லது சார். ஆனா கோர்ட்டுல கேட்டது கறுப்புக் கோட்டு போட்டவங்க. எங்க பொழப்பு கேட்டுல இருக்கு. எந்த எடத்துல புடிச்சீங்களோ அந்த எடத்துல வந்து சொல்லுங்க. இந்த உடுப்போட."

"சொல்றேன்."

"ஷிப்டு மாறுற நேரமா வாங்க. அப்பத்தான் ரெண்டு பக்கத்து ஆளும் இருப்பாங்க."

போனேன். சங்கு ஊதியதும் உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் கலந்த நேரத்தில், அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஆலை வாசலில் சீருடையோடு நின்றேன். துப்பாக்கி விழுந்தது என் தவறு, அவர் எடுத்துத்தான் கொடுத்தார், நான் பொய் சொன்னேன் என்று சத்தமாகச் சொன்னேன். சைக்கிள்களை நிறுத்திக்கொண்டு கேட்டார்கள். "போலீசுக்காரன் இப்பிடிச் சொல்லி இன்னைக்குத்தான்டா கேக்குறேன்" என்று ஒரு குரல். "சரியாத் தாழ்ப்பாப் போட்டு வச்சுக்கங்க சார்!" என்று இன்னொரு குரல். சிரித்தார்கள். அவர் மட்டும் கோணிய மணிக்கட்டை இடது கையால் மூடியபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்குப் பிறகு ஒப்பந்தக்காரர் அவரைச் சேர்த்துக்கொண்டார். உடைக்கும் வேலை முடியாது என்பதால் கல் ஏற்றும் லாரிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் வேலை. நிரந்தரம் ஆகவில்லை. இடையில் அறுந்த சர்வீஸை ஒட்டவைக்க நான் ஆலை அலுவலகத்துக்குப் பலமுறை நடந்தேன். அங்கே ஒவ்வொரு அதிகாரியும் மரியாதையாக டீ கொடுத்தார். வேலை நடக்கவில்லை. அது என்னால் திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்று.

அந்தப் புது உறையை நான் மறுபடி மாட்டவில்லை. கோர்ட்டிலிருந்து வந்ததும் அதன் வாரை அறுத்து எறிந்தேன். இன்னொருவர் இடுப்புக்கு அது போகக் கூடாது. பழைய மூடி உறைக்கே திரும்பினேன். பித்தளை முளைக்குக் குழி இல்லை. தூசோ சந்தனமோ உள்ளே போய் உட்கார இடமில்லை. சில வருடங்கள் கழித்துப் பெரம்பலூரில் இருந்தபோது, புதிதாக உறை வாங்கும் இளம் எஸ்.ஐ.க்கள் என்னிடம் காட்ட வேண்டும் என்று வைத்துவிட்டேன். கட்டிலில் போர்வையை விரித்து, வெறும் துப்பாக்கியைப் போட்டு, பூட்டாமலே தலைகீழாகப் பிடிப்பேன். விழுந்தால் கடைக்குத் திரும்பிப் போக வேண்டும். அதில் நின்றால், உறையை இடுப்பில் மாட்டிப் பூட்டச் சொல்லி, பின்னால் போய் நின்று பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்ப்பேன். "அய்யா பொண்ணு பாக்கிற மாதிரி ஒற பாக்கிறாரு" என்று என் காதுபடவே சொல்வார்கள். சொல்லட்டும். என்னிடம் காட்டி வாங்கிய உறையிலிருந்து ஒரு துப்பாக்கியும் தரையில் விழவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எண்பதுகளின் நடுவில் ஒரு விசாரணைக்காக மஃப்டியில் அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பஸ் நகரும்போது கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"துப்பாக்கி! ஓடியா, ஓடியா. வண்டி எடுத்தாச்சு."

ஏறியவர் அவர்தான், அதே கோணிய மணிக்கட்டோடு. பின்னாலேயே மனைவி, கையில் காய்கறிப் பையோடு. என் எதிர் சீட்டில்தான் இடம் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் எழப் போனார். நான் கையமர்த்தினேன்.

"எல்லாரும் இப்பிடித்தான் கூப்பிடுறாங்களா?" என்றேன்.

"அதுதான் சார் இப்ப பேரு. லாரிக்காரங்களுக்கு வேற பேரு தெரியாது."

"கேஸு நடந்தப்பவே ஆரம்பிச்சுட்டாங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி பையை மடியில் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"இல்ல சார். அப்ப எங்க சொரங்கத்து ஆளுங்களுக்குத்தான் தெரியும். நீங்க கேட்டுல வந்து சொன்னீங்களே, அன்னையிலேர்ந்துதான். எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சு." பிறகு, என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "நான்தான வரச் சொன்னேன். நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார்.

"பொண்ணையும் பள்ளிக்கூடத்துல துப்பாக்கி மவள்னுதான் சொல்றாங்க" என்றார் அவர். குறையாகவும் சொல்லவில்லை, சிரித்தும் சொல்லவில்லை.

ஆலைக்கு முந்தைய நிறுத்தத்தில் அவர்கள் இறங்கினார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே, "துப்பாக்கி எறங்கியாச்சு, போலாம் ரைட்" என்றார். பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் திரும்பியும் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது ஒரு ஆளின் பெயர்.